நடந்து காண்போம், வரைந்து அறிவோம்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறை ‘எங்கள் தோட்டம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதிவரப் பணித்தேன். மறுநாள் இருபத்தாறு ஏடுகள் என் மேசைக்கு வந்தன. அவற்றைத் திருத்த அமர்ந்தபோது வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றின. ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் மயில் தோகை விரித்து ஆடியது. தாமரைத் தடாகத்தில் அன்னங்கள் நீந்தின. அருவி சலசலவென்று பாய்ந்தது. நம் தோட்டத்தில் மயிலும் இல்லை, அன்னமும் இல்லை. அருவி என்று சொல்லத் தக்கது மழைநாளில் பெருக்கெடுக்கும் கால்வாய் ஒன்றுதான்.

அதே வேளையில், நண்பகல் வெயிலில் ‘டப்’பென்று வெடித்துத் தகரக் கூரைமேல் விழும் பால்மரக் காயைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. செம்பனையின் அடிமரத்தில் தொற்றி வளரும் பெரணிச் செடியைப் பற்றி எழுதவில்லை. எலிகளைப் பிடிப்பதற்காக ஆந்தைக்கு வீடு கட்டித் தந்ததுபோலக் கம்பத்தின் மேல் வைக்கப்பட்டிருக்கும் பெட்டியைப் பற்றியும் எழுதவில்லை. நாள்தோறும் இவற்றைக் கடந்துதான் அவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள்.

பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. கட்டுரை என்றால் பிறர் எழுதியதைப் போல எழுதுவது என்று அவர்கள் எண்ணிவிட்டனர். அவ்வாறு எண்ணும்படி விட்டது நம் பிழை. அப்பிழையைத் திருத்த நாங்கள் கண்ட வழியையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன். அவ்வழிக்குப் பணச் செலவு இல்லை. ஓர் ஏடு, ஒரு பென்சில், இரண்டு கால்கள், திறந்த கண்கள், இவை போதும்.

கற்பனைக்கு வித்து எது?

கற்பனை என்பது வானத்திலிருந்து இறங்கி வரும் ஒன்றென்று பலர் கருதுகின்றனர். “எனக்குக் கற்பனை வராது, ஐயா” என்று சொல்லும் மாணவர்களும் உளர். ‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்பது நம் பழமொழி. கண்டவை, கேட்டவை, தொட்டவை, முகர்ந்தவை ஆகிய அனைத்தும் சேர்ந்து கிடக்கும் சட்டியே நம் மனம். கற்பனை என்னும் அகப்பை அதிலிருந்துதான் எடுத்துப் பரிமாறுகிறது. சட்டி வெறுமையாக இருந்தால் அண்டை வீட்டுச் சோற்றைக் கடன் வாங்க நேரும். மயிலும் அன்னமும் அவ்வாறு கடனாக வந்தவையே.

அச்சட்டியை நிரப்ப மூன்று எளிய வழிகள் உண்டு. முதலாவது, நடத்தல். இரண்டாவது, கண்டதைக் கோட்டோவியமாக வரைதல். மூன்றாவது, நிழற்படம் எடுத்தல். இம்மூன்றும் ஓவியர்க்கும் எழுத்தாளர்க்கும் மட்டும் உரியவை அல்ல. கண் உள்ள அனைவர்க்கும் உரியவை.

ஒரு சனிக்கிழமை நடை

பள்ளிக்குப் பின்புறம், பழைய இரப்பர் தோட்டத்தின் எச்சமாகப் பதினொரு பால்மரங்கள் நின்றன. சுற்றிலும் செம்பனை வந்துவிட்ட போதிலும், ஏனோ அந்த ஒரு நிரை மட்டும் வெட்டப்படாமல் எஞ்சியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில், பெற்றோர் இருவர் துணைவர, மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். அரை மணி நேரம் எவரும் பேசக்கூடாது; பார்க்கவும் கேட்கவும் மட்டுமே வேண்டும் என்பது முதல் விதி.

முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகள் நெளிந்தனர். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். பிறகு மெல்ல மெல்ல அவர்கள் கண்கள் வேலை செய்யத் தொடங்கின. ஒரு சிறுவன் சருகுக்குள் கிடந்த பால்மர விதைகளைப் பொறுக்கினான். பளபளப்பான அவ்விதைகளின் மேலுள்ள கறுப்பும் பழுப்புமான புள்ளிகள் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்று கண்டுபிடித்தான். ஒரு காய்க்கு மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை என்று மற்றொருவன் எண்ணினான். ஒரு காம்பில் எப்போதும் மூன்று இலைகளே உள்ளன என்பதை வேறொரு சிறுமி கண்டாள். இவை எல்லாம் பாட நூலில் உள்ளவைதாம். ஆயினும் நூலில் படித்தபோது மறந்தவை, தம் கண்ணால் கண்டபோது மறக்கவில்லை.

அரை மணி முடிந்ததும், ஆளுக்கொரு மரத்தை வரையுமாறு கூறினேன். ஒரு சிறுமி அடிமரம், பட்டை, மங்கு, அதைத் தாங்கும் கம்பி ஆகிய அனைத்தையும் பொறுமையாக வரைந்தாள். பழைய வெட்டுத் தழும்பு தெளிவாகத் தெரியாமையால், பால் வடியும் கோட்டை மட்டும் தன் எண்ணப்படி சாய்த்துப் போட்டாள். அவ்வழியே விறகு பொறுக்க வந்த மூதாட்டி ஒருவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டி ஓய்ந்த கைகள் அவருடையவை.

“ஏம்மா, மரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வெட்டு தப்பால்ல இருக்கு” என்றார்.

“எது தப்பு, பாட்டி?”

“கோட்டை வலப்பக்கம் மேலேருந்து இடப்பக்கம் கீழே இறக்கியிருக்கே. அப்படி வெட்டினா கங்காணி சும்மா விட்டிருப்பாரா? இடப்பக்கம் மேலே கத்தியை வச்சு, வலப்பக்கம் கீழே இறக்கணும். அப்பத்தான் பால் நல்லா ஊறி வரும்.”

பாட்டி சொன்னது முற்றிலும் உண்மை. பால்மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பாற்குழாய்கள் நேர் செங்குத்தாக நிற்பவை அல்ல. மரத்தை நோக்கி நிற்பவரின் கண்ணுக்கு, கீழிருந்து மேலே செல்லச் செல்ல அவை வலப்புறம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. ஆகவே இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் வெட்டு, மிகுதியான குழாய்களை அறுக்கிறது. பாலும் மிகுதியாக வடிகிறது. விடியுமுன்னே வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவில் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அது குறையும். பால் ஒழுக்கும் மட்டுப்படும். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்றதன் பின்னால் இத்தனை அறிவியல் இருந்தது.

அந்தக் காலைப்பொழுதில் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. அச்சிறுமி வரையாதிருந்தால் பிழை வெளிப்பட்டிராது. பிழை வெளிப்படாதிருந்தால் பாட்டியும் வாய் திறந்திரார். ஒரு தவறான கோடு முப்பது ஆண்டு அனுபவத்தைப் பேச வைத்தது.

பென்சில் கற்பிக்கும் பாடம்

“எனக்கு ஓவியம் வராது” என்று பின்வாங்க வேண்டா. நாம் இங்கே கூறுவது கண்காட்சியில் வைக்கும் ஓவியம் அன்று, பார்ப்பதற்கான பயிற்சி. கண் ஒரு மரத்தை நொடியில் கடந்துவிடும். பென்சிலோ கிளை எங்கே பிரிகிறது, இலை எந்தப் பக்கம் தொங்குகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அக்கேள்விகளுக்கு விடை தேடும்போதுதான் நாம் உண்மையில் பார்க்கத் தொடங்குகிறோம்.

தொடக்கத்தில் சிறிய பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இலை, ஒரு விதை, ஒரு நத்தை ஓடு போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டா. அழிப்பானை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கோடு தவறினால் அதன் பக்கத்தில் மற்றொரு கோடு போடுங்கள். தவறிய கோடும் நாம் கண்டறிந்த வழியைக் காட்டும். பெரிய மரத்தை வரைகையில் கையை நேராக நீட்டிப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அடிமரம் பென்சிலில் எவ்வளவு உயரம், கிளைப்பகுதி எவ்வளவு உயரம் என்று ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். அளவு பிசகாது.

ஒவ்வொரு படத்தின் கீழும் நாள், நேரம், இடம், வானிலை ஆகியவற்றை எழுதுக. பென்சிலால் வரைய முடியாதவற்றைச் சொல்லால் எழுதுக. ‘புதுத் தளிர் செம்பு நிறம்’, ‘ஒட்டுப்பால் நாற்றம்’, ‘தொலைவில் குயில் மூன்று முறை கூவியது’ என்பன போன்ற சிறு குறிப்புகளே பின்னாளில் கட்டுரைக்கும் கவிதைக்கும் உரமாகும். ஒரே மரத்தை மாதம் ஒருமுறை வரைவது மிகச் சிறந்த பயிற்சி. ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலை உதிர்த்து வெறுங்கிளையாக நிற்பதும், பின்னர்த் தளிர்ப்பதும், பூப்பதும், காய் முற்றி வெடிப்பதும் உங்கள் ஏட்டில் ஒரு வரலாறாகவே அமைந்துவிடும்.

ஒளி தீட்டும் ஓவியம்

இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. ஆயினும் நிழற்படம் எவ்வாறு உண்டாகிறது என்று கேட்டால் விடை கூறுவோரும் அரியர். ஓர் எளிய சோதனையைச் செய்து பாருங்கள். காலணி வந்த அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையின் நடுவில் ஊசியால் சிறு துளை இடுங்கள். எதிர்முனையை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே மெல்லிய எண்ணெய்த்தாளை ஒட்டுங்கள். தலையையும் தாள் ஒட்டிய முனையையும் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, வெயில் பட்ட மரத்தின் பக்கம் துளையைத் திருப்புங்கள். தாளில் அம்மரம் தலைகீழாகத் தெரியும்! ஒளி நேர்கோட்டில் செல்வதால், மர உச்சியிலிருந்து வரும் கதிர் துளை வழியே இறங்கித் தாளின் அடியில் விழுகிறது; அடிமரத்துக் கதிரோ ஏறி மேலே விழுகிறது. உலகிலுள்ள நிழற்படக் கருவிகள் அனைத்துக்கும் இந்த இருட்டுப் பெட்டியே மூதாதை. சூரியனை நோக்கி மட்டும் இதனைத் திருப்புதல் கூடாது.

கைப்பேசியில் படம் எடுப்பது எளிதாகிவிட்டதனாலேயே ஒரு தீங்கும் நேர்ந்துள்ளது. நூறு படம் எடுக்கிறோம், ஒன்றையும் பார்ப்பதில்லை. ஆகவே எங்கள் நடையில் ஒரு விதி வைத்தோம். ஒரு நடைக்கு மூன்று படங்களே எடுக்கலாம். மூன்றே என்றதும் பிள்ளைகள் சிந்திக்கத் தொடங்கினர். எங்கே நிற்பது, எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது, ஒளி எப்பக்கமிருந்து வருகிறது என்று ஆராய்ந்தனர். காலை ஏழரை மணிக்குச் சாய்ந்து விழும் வெயிலில் மரப்பட்டையின் ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கும். நண்பகல் வெயிலில் அதே பட்டை தட்டையாகத் தோன்றும். ஒரே மரத்தை இரு வேளையிலும் எடுத்து ஒப்பிட்டால் ஒளியின் பெருமை விளங்கும்.

நிழற்படம் ஒரு கணத்தைப் பிடித்து வைக்கும்; கோட்டோவியம் நம்மை அரை மணி அங்கே இருத்தி வைக்கும். இரண்டும் வேண்டும். முதலில் வரைந்துவிட்டுப் பிறகு படம் எடுப்பதே முறை. வரைந்து பழகிய கண்ணுக்கு எதைப் படம் எடுப்பது என்பது தானே தெரிந்துவிடும்.

முன்னே நடந்தவர்கள்

இவ்வாறு நடந்தும் வரைந்தும் படம் எடுத்தும் பெருமை பெற்றவர் தமிழர் ஒருவர் உண்டு. அவரே மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகனான அவர் 1912ஆம் ஆண்டு பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது, தாவரவியல் பேராசிரியர் பைசனுடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குச் சென்று செடிகொடிகளைக் கண்டறிந்தார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். பிற்காலத்தில் காடுகளில் கால்நடையாகத் திரிந்து, யானைகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து, தமக்கென ஒரு படக்கருவியையும் அமைத்துக்கொண்டார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி, 1996இல் அவர் மறையும் வரை தொடர்ந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள்! அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாக வந்துள்ளன. அவர் எழுதியவை பெரும்பாலும் காட்டு விலங்குகளைப் பற்றி மட்டும் அல்ல. காகம், அணில், பல்லி என நம் வீட்டு முற்றத்து உயிர்களையும் அதே மரியாதையோடு கூர்ந்து நோக்கினார்.

மற்றொருவர் நம் பேராக் மண்ணின் மைந்தர். ‘லாட்’ என்று நாடறிந்த கேலிச்சித்திரக் கலைஞர் டத்தோ முகமது நோர் காலிட், 1951ஆம் ஆண்டு கோப்பேங் வட்டாரக் கம்பம் ஒன்றில் பிறந்தவர். தாம் வளர்ந்த கம்பத்தையும், ஆற்றையும், ஈயக் கப்பலையும் 1979இல் ‘கம்போங் பாய்’ என்னும் நூலில் வரைந்தார். பின்னர் ஈப்போவில் கழிந்த பள்ளி நாட்களை ‘டவுன் பாய்’ என்னும் நூலில் வரைந்தார். இவை பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் படிக்கப்படுகின்றன. அவர் அயல்நாட்டு அரண்மனையை வரையவில்லை. தம் வீட்டுப் படியையும் ஊர்ப் பிள்ளைகளையும் வரைந்தார். உலகம் அதைத்தான் விரும்பிப் பார்த்தது.

நம் பேராக்கில் காணத் தக்கவை

தோட்டத்து நடையில் கண் பழகிய பின், பெற்றோருடன் சற்றுத் தொலைவும் செல்லலாம். முதலில் ஈப்போ நகருக்கே வருவோம். நம் ஊரின் பெயரே ஒரு மரத்தின் பெயர் என்பதை எத்தனை பேர் அறிவர்? ‘ஈப்போ’ மரத்தின் நச்சுப்பாலை ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தோய்த்து வேட்டையாடினர். ஈப்போ தொடருந்து நிலையத்தின் முன்னுள்ள பூங்காவில் அம்மரம் ஒன்று நிற்கிறது. அதனை வரையுங்கள், பட்டையைக் கீறாதீர்கள்.

தைப்பூசத்தன்று காவடிகளோடு நாம் சென்றடையும் குனோங் சீரோ கல்லுமலையை எண்ணிப் பாருங்கள். அங்கே நின்று முருகனை வணங்கும் நாம், அந்த மலை எதனால் ஆயது என்று கேட்டதுண்டா? கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகள் யாவும் இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கடலின் அடியில் படிந்தவை. சிற்றுயிர்களின் ஓடுகள் சேர்ந்து கல்லாயின, நிலம் உயர்ந்தது, மழைநீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது. இப்பகுதி 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மலையின் வெள்ளைப் பாறை முகத்தையும் உச்சியில் தொற்றிய பச்சையையும் வரைவதற்கு இரண்டே பென்சில்கள் போதும்.

தம்பூனில் உள்ள குகைச்சுவர் ஓவியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டு வெளியுலகுக்குத் தெரியவந்த அவை, பன்னூறு உருவங்களைக் கொண்டவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள், செந்நிற இரும்புக் கல்லை அரைத்து, தாம் கண்ட விலங்குகளைப் பாறையில் தீட்டினர். அவர்களுக்குப் பள்ளியும் இல்லை, ஏடும் இல்லை. பார்த்ததை வரைய வேண்டும் என்னும் வேட்கை மட்டும் இருந்தது. ஆகவே ‘எனக்கு வரைய வராது’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவ்வோவியங்களைத் தொடுதல் தகாது. கைப்பட்டால் அவை அழியும்.

பத்து காஜா வட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்கக் குளங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. மனிதன் தோண்டிவிட்டுச் சென்ற பள்ளத்தைப் பறவைகள் வீடாக்கிக்கொண்டன. கோலக்கங்சாரில், 1877ஆம் ஆண்டு நடப்பட்ட பால்மரங்களுள் எஞ்சிய முதிய மரத்தை இன்றும் காணலாம். நம் முன்னோரைக் கடல் கடந்து வரச் செய்த பயிரின் மூத்த உயிர் அது. மழைநாளாயின் தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். 1883இல் நிறுவப்பட்ட அது இந்நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம்.

குறிப்பிலிருந்து கட்டுரைக்கு

நடந்து, வரைந்து, படம் எடுத்து வீடு திரும்பியபின் என்ன செய்வது? ஏட்டில் உள்ள குறிப்புகளுள் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். அவற்றை இணைக்கும் ஒரு கேள்வியைக் கேளுங்கள். எங்கள் மாணவன் ஒருவன் ‘விதையின் புள்ளிகள்’, ‘காய் வெடிக்கும் ஓசை’, ‘பாட்டியின் கை’ என்று மூன்றைத் தேர்ந்தான். இவ்விதை ஏன் இவ்வளவு தூரம் துள்ளி விழுகிறது என்று கேட்டான். தாய்மரத்தின் நிழலிலேயே முளைத்தால் போதிய வெயில் கிடைக்காது என்று அறிந்தான். பிறகு, ‘எங்கள் தாத்தாவும் ஒரு விதைதான். இந்தியாவிலிருந்து தொலைவில் வந்து விழுந்தார். இங்கே முளைத்தார்’ என்று எழுதினான். மயிலும் அன்னமும் இல்லாத கட்டுரை அது. அதனைப் படித்தபோது என் கையில் இருந்த சிவப்பு மை திருத்துவதற்கு ஒன்றும் காணாமல் நின்றது.

கவனம் வேண்டும்

பெற்றோர் அல்லது ஆசிரியர் துணையின்றி நடை செல்லுதல் கூடாது. பழைய சுரங்கக் குளங்களின் கரை திடீரென்று சரியும். ஓரத்திலேயே ஆழம் மிகுந்திருக்கும். ஆதலின் நீர் அருகே இறங்காமல் தொலைவிலிருந்தே பாருங்கள். புதருக்குள் கை விடாதீர்கள். பாம்பும் குளவியும் உங்களைப் போலவே அங்கு வாழ உரிமை பெற்றவை. பிற்பகலில் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் திரும்புங்கள். தனிமரத்தின் அடியில் ஒதுங்காதீர்கள். சுண்ணாம்பு மலைகளில் கல் உதிர்வதுண்டு. அறிவிப்புப் பலகையை மதித்து நடங்கள். மனிதரைப் படம் எடுக்குமுன் அவருடைய இசைவைக் கேளுங்கள். கூட்டையும் குஞ்சையும் தொடாமல், கண்ணால் மட்டும் கொண்டு வாருங்கள்.

பெற்றோர்க்கும் தோட்டத்துப் பெரியோர்க்கும்

“நாங்கள் படிக்காதவர்கள், பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்போம்?” என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. மண்ணைப் பார்த்து மழையைச் சொல்லுவீர்கள். பட்டையைத் தொட்டு மரத்தின் வயதைச் சொல்லுவீர்கள். எந்தக் கீரை உண்ணத் தக்கது, எந்தச் செடியின் சாறு புண்ணுக்கு ஆகும் என்று அறிவீர்கள். இவ்வறிவு எந்நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் எழும் இந்நாளில், உங்கள் நினைவோடு அது மறைந்துவிடலாகாது. பிள்ளை ஏட்டோடு வந்து கேட்கும்போது சொல்லுங்கள். அவர்கள் வரையும் கோடு தவறாயின் திருத்துங்கள்.

அந்தப் பதினொரு மரங்களும் அவ்வாண்டு இறுதி விடுமுறையில் வெட்டப்பட்டன. யாரையும் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. பால் வற்றிய முதிய மரங்கள் அவை. நிலத்துக்கு உரியவர் வேறு பயிர் செய்ய விரும்பினார். விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் வெறும் நிலத்தைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் நின்றனர். ஆனால் அச்சிறுமி மறுபடி வரைந்த படம் எங்கள் வகுப்பறைச் சுவரில் இருந்தது.

பரிசளிப்பு விழாவுக்கு வந்த பாட்டி அப்படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு ஒரு விரலால், இடப்புறம் மேலேயிருந்து வலப்புறம் கீழே, அந்தக் கோட்டைத் தடவினார்.

“வெட்டு சரியாத்தான் போட்டிருக்கா” என்றார்.

மாணவச் செல்வங்களே, நாளை பள்ளிக்கு வரும் வழியில் ஒரு மரத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதன் பெயர் தெரியாவிட்டால் வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். பின்னர் ஏட்டைத் திறந்து வரையுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அப்படங்களைக் காண நாங்கள் காத்திருக்கிறோம்.